நாற்பத்தொன்றாம் பட்டை

ஹைன்க்கே டாமனின் வலது கட்டைவிரலில் ரேகை கிடையாது. இருபது வருடம் ஸ்பிரிட்டும் உப்புத்தாளும் பசையும் சேர்ந்து அதைத் தேய்த்து எடுத்துவிட்டன. ஒருமுறை கடவுச்சீட்டு புதுப்பிக்கப் போனபோது நகராட்சி அலுவலகத்து இயந்திரம் அவளுடைய விரலை ஏற்கவே இல்லை. "எந்த வங்கியில கொள்ளையடிச்சீங்க?" என்று அங்கிருந்த எழுத்தர் கேட்டாராம். "இன்னும் முடிவு பண்ணல. நல்ல வங்கியா தெரிஞ்சா சொல்லுங்க" என்றாளாம் இவள். மறுநாள் வேலைக் கூடத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்த காலத்தைப் பார்த்தவர்கள் இப்போது அதிகம் பேர் இல்லை. நான் பார்த்தவன்.

என் பெயர் ரெம்மர். பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் சோதனைக் கூடத்தில் கிரேன் ஓட்டுவதும் போல்ட் இறுக்குவதும் என் வேலை. ஹைன்க்கே இதே ஊர்க்காரி. அவளுடைய அம்மா மீன் ஏலக்கூடத்தில் மீன் அறுத்தவர். ஹைன்க்கே பதினாறு வயதில் கப்பல் கட்டும் தளத்தில் மின்வேலை பழகச் சேர்ந்தாள். இருபத்தேழு வயதில் அந்தத் தளத்தையே மூடிவிட்டார்கள். மூன்று வருடம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, காற்றாலைகள் வந்தபோது எங்கள் கூடத்துக்கு வந்தாள்.

நாங்கள் சோதிப்பது காற்றாலையின் பெரிய பேரிங்குகளை. ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் ஒன்று இருக்கும். மூன்று மீட்டர் குறுக்களவு. காற்றுக்கு ஏற்றபடி இறக்கை திரும்புவது அதன் மேல்தான். இவ்வளவு பெரிய பொருளை இருபது வருடப் புயலில் வைத்துச் சோதித்த பிறகு விற்பது என்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால் கணினிக்குள்ளேயே ஒரு பேரிங்கைச் செய்து, அதன்மேல் புயலை ஏவி, எந்த இடம் எவ்வளவு இழுபடுகிறது என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு மெய்தானா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. நிஜ பேரிங் ஒன்றை இரும்புச் சட்டத்தில் பூட்டி, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் தண்டுகளால் இழுத்து முறுக்கி, கணினி சொன்னதையும் இரும்பு சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

இரும்பு சொல்வது ஹைன்க்கே ஒட்டும் பட்டைகள் மூலமாகத்தான் கேட்கும். நகத்தை விடச் சிறிய மெல்லிய உலோகப் பட்டை அது. ஒட்டிய இடம் மயிரிழை நீண்டாலும் பட்டையும் நீளும், அதில் ஓடும் மின்சாரம் மாறும். ஆனால் ஒட்டுவது சுத்தமாக இருக்க வேண்டும். பசைக்கடியில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் போதும், பட்டை உளறத் தொடங்கிவிடும். ஹைன்க்கே இரும்பைத் தேய்த்து, துடைத்து, பட்டையை வைத்து, கட்டைவிரலால் ஒரு நிமிடம் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். அந்த ஒரு நிமிடம் யாரும் அவளிடம் பேசக்கூடாது. நான் கிரேனைக்கூட நகர்த்த மாட்டேன்.

எக்கெர்ட் லோசே மேல்மாடிக்காரன். கணினியில் பேரிங் செய்கிற ஆள். தெற்கே காசெல் பக்கத்திலிருந்து வந்தவன், விவாகரத்தானவன், உயரமாக, தோள் குனிந்து நடப்பான். வந்த புதிதில் ஒருநாள் கீழே வந்து, ஹைன்க்கே சட்டத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, "என்ன, அஞ்சல்தலை ஒட்டி முடிச்சாச்சா?" என்று கேட்டான். "முடிச்சாச்சு. உன் பொம்மைக்குப் பெயின்ட் காஞ்சுதா?" என்று உள்ளிருந்தே குரல் வந்தது. அவன் காது மடல் சிவந்ததை நான் கிரேன் மேலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு தினமும் கீழே வர அவனுக்கு ஏதாவது காரணம் கிடைத்தது. அடுத்த வருடம் இருவரும் லேஹெ பகுதியில் ஒரு வீட்டை எடுத்துக் குடியேறினார்கள். திருமணம் செய்துகொள்ளவில்லை. பதினோரு வருடம் சேர்ந்து இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடலோரக் கரைமேட்டில் சைக்கிளில் போவார்கள், அவன் எப்போதும் பின்தங்குவான், அவள் திரும்பிப் பார்த்துக் காத்திருப்பாள்.

எக்கெர்ட் திறமைசாலி. ஆனால் அவனுடைய பெயரில் ஒரு கணினி மாதிரிகூட வெளியே போனதில்லை. இரண்டு முறை அவன் வேலையை மற்றவர்கள் தங்கள் பெயரில் முடித்துக்கொண்டார்கள். மூன்றாவது முறை ஒரு புதிய இறக்கைப் பேரிங் முழுக்க அவன் கைக்கு வந்தது. சோதனைக்கு நாள் குறித்தார்கள், மார்ச் மாதம்.

எழுபத்திரண்டு பட்டைகள் ஒட்ட வேண்டியிருந்தது. அந்த வாரம் ஹைன்க்கேவுக்குச் சளிக்காய்ச்சல். வீட்டுக்குப் போகச் சொன்னோம், கேட்கவில்லை. இருமிக்கொண்டே ஒட்டினாள். பேரிங்கின் இரண்டு வளையங்களுக்கு நடுவே உருண்டைகள் ஓடும். அவற்றை உள்ளே போட வெளி வளையத்தில் ஒரு துளை வைத்திருப்பார்கள், போட்ட பிறகு அதை ஒரு இரும்பு அடைப்பானால் மூடிவிடுவார்கள். அந்தத் துளைக்கும் பக்கத்துப் போல்ட் துளைக்கும் இடையே விரல் நுழையவே சிரமமான ஓர் இடம். நாற்பத்தொன்றாம் பட்டை அங்கேதான். அதை ஒட்ட அவளுக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் ஆயிற்று.

சோதனை முடிந்ததும் திரையில் எக்கெர்ட்டின் கணக்கு சிவப்புக் கோடாகவும், எங்கள் அளவுகள் கறுப்புப் புள்ளிகளாகவும் வந்தன. எழுபத்தோரு புள்ளிகள் கோட்டின்மேல் அழகாக உட்கார்ந்தன. நாற்பத்தொன்று மட்டும் தனியே உயரத்தில் நின்றது. கணக்கு சொன்னதை விட நூற்றுக்கு நாற்பது பங்கு அதிகம்.

எக்கெர்ட்டின் மாதிரியில் அந்த உருண்டைத் துளையே கிடையாது. அப்போது பலரும் அதை விட்டுவிட்டுத்தான் கணக்குப் போட்டார்கள், இல்லையென்றால் கணினி திணறும். அதைச் சேர்த்துப் புதிதாகக் கணக்கிட ஆறு வாரம் ஆகும். பேரிங்கை விற்கலாம் என்று சான்று அளிப்பவர்கள் வர ஒன்பது நாள்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை வீட்டில் என்ன நடந்தது என்பதை ஹைன்க்கே பிற்பாடு என்னிடம் சொன்னாள். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே எக்கெர்ட் கேட்டிருக்கிறான்.

"நாப்பத்தொண்ணு சரியா ஒட்டலையோ?"

"ஒட்டியிருக்கு."

"உனக்கு அந்த வாரம் காய்ச்சல். முப்பத்தொம்போது டிகிரி இருந்துச்சு."

"காய்ச்சல் எனக்குத்தான். பசைக்கு இல்ல."

அவன் கத்தியைக் கீழே வைத்தானாம். "நான் எதையும் எழுதச் சொல்லல, ஹைன்க்கே. அப்படி இருக்கலாமான்னுதான் கேக்குறேன்."

எழுதச் சொல்லியிருந்தால் அந்த ரொட்டியை அவன் முகத்திலேயே எறிந்திருப்பேன் என்றாள் என்னிடம். அவன் சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாளும் வேலையிலிருந்து வந்து, மேல்கோட்டைக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் தலையை ஆட்டினான், எழுந்து வரவில்லை. அவன் அவளை மிரட்டவில்லை, நடிக்கவும் இல்லை. அவனுடைய கணக்கு சரி என்று அவன் மனதார நம்பினான். அதனால்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அவள் அறிக்கையில் ஒரு வரி எழுதினாள்: பட்டை நாற்பத்தொன்று, ஒட்டு சரியில்லை, கணக்கில் சேர்க்கவில்லை. கீழே கையெழுத்து. எங்கள் தலைவி டாக்டர் ப்ரூனிங் அவளை அழைத்து, நிச்சயமாகத்தான் சொல்கிறாயா என்று நேரடியாகக் கேட்டார். தனக்குக் காய்ச்சலாக இருந்தது என்று மட்டும் ஹைன்க்கே சொன்னாள். அது பொய் இல்லை.

நான் பார்த்ததையும் சொல்லிவிட வேண்டும். சரியாக ஒட்டாத பட்டை நகத்தால் நெம்பினால் உரிந்து வந்துவிடும். அன்று மாலை ஹைன்க்கே சட்டத்துக்குள் குனிந்து நாற்பத்தொன்றைச் சவரக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடமாவது இருக்கும். துண்டு துண்டாகத்தான் வந்தது. நான் நான்கு அடி தள்ளிச் சங்கிலிக்கு மசகு தடவிக்கொண்டிருந்தேன். அவள் நிமிர்ந்தாள்.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவ்வளவுதான் நாங்கள் பேசியது. சான்று கிடைத்தது. மேல்மாடியில் கேக் வெட்டினார்கள். எக்கெர்ட் என் தோளைக்கூடக் கட்டிப்பிடித்தான். ஹைன்க்கே ஒரு துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு சன்னல் ஓரமாக நின்றிருந்தாள். அந்தப் பேரிங்கை வைத்து நூற்றுப் பதினெட்டு காற்றாலைகள் எழுந்தன.

நான்கு வருடம் கழிந்தது. ஒரு நவம்பர் மாதம், எங்கள் ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள சதுப்பு நிலத்தில், மதியம் இரண்டு மணிக்கு, ஒரு காற்றாலையின் இறக்கை கழன்று விழுந்தது. பெரிய புயல்கூட இல்லை, வழக்கமான இலையுதிர்காலக் காற்று. இறக்கை அறுபத்திரண்டு மீட்டர் நீளம். கீழே வயல் பாதையில் ஃபோல்க்மர் ஈட்டெஸ் என்ற முப்பத்தோரு வயது ஆள் மாட்டுவேலிக் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான். பால்பண்ணையில் வேலை செய்தவன். மனைவி கேஷே, நான்கு வயதில் ஒரு பெண்.

செய்தி வந்தபோது எந்த வகைக் காற்றாலை என்று வானொலியில் சொல்லவில்லை. ஹைன்க்கே யாரையும் கேட்கவும் இல்லை. கையிலிருந்த கம்பிச்சுருளை மேசையில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள்.

உடைந்த வளையத்தைப் பார்த்த நிபுணர்களுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. விரிசல் தொடங்கிய இடம் உருண்டைத் துளையை அடுத்த போல்ட் துளை. பழைய அறிக்கையை எடுத்தார்கள். முப்பத்தேழாம் பக்கத்தில் அந்த ஒரு வரி இருந்தது.

விசாரணைக்கு எங்கள் எல்லாரையும் அழைத்தார்கள். எக்கெர்ட் எழுந்து, அளவெடுப்பவர்கள் கொடுத்த அறிக்கையை நம்பித்தான் தன் மாதிரியைச் சரி என்று முடித்ததாகச் சொன்னான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சொல்லும்போது அவன் ஹைன்க்கேவைப் பார்க்கவில்லை. அப்படி எழுதச் சொல்லி யாராவது வற்புறுத்தினார்களா என்று விசாரணை அதிகாரி அவளிடம் கேட்டார். இல்லை என்றாள். காய்ச்சலைப் பற்றிச் சொன்னாள். என்னிடம் கிரேனின் பராமரிப்புக் குறிப்புகளை மட்டும் கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யார்மீதும் குற்றம் இல்லை, அந்தக் காலத்து வழக்கப்படி எல்லாம் முறையாகவே நடந்திருக்கிறது என்று கோப்பை மூடினார்கள்.

வீட்டில் அவர்கள் இரண்டு மாதம் ஒருவரோடு ஒருவர் மரியாதையாக வாழ்ந்தார்கள். உப்பை எடுத்துக் கொடுத்தால் நன்றி சொல்லிக்கொண்டார்கள். ஜனவரியில் எக்கெர்ட் காசெலுக்கே திரும்பிப் போக முடிவு செய்தான். அவன் பெட்டிகளை வண்டியில் ஏற்ற என்னைத்தான் உதவிக்கு அழைத்தார்கள். கடைசிப் பெட்டியைத் தூக்கும்போது அவன் வாசற்படியில் நின்று கேட்டான்.

"அன்னிக்கு விசாரணையில நான் கேட்டதை நீ ஏன் சொல்லல? நீ சொல்லுவேன்னு நான் காத்துக்கிட்டே இருந்தேன்."

"சொல்ல வேண்டியவ நான் இல்ல, எக்கெர்ட்."

அவன் அவள் தோளைத் தொடக் கையை நீட்டிவிட்டுப் பாதியில் மடக்கிக்கொண்டான். வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து, அவன் விட்டுப்போன ஒரு ஜோடி சைக்கிள் கையுறையை என்னிடம் கொடுத்து, உனக்குச் சரியாக இருந்தால் போட்டுக்கொள் என்றாள். எனக்குச் சிறியதாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

மார்ச்சில் டாக்டர் ப்ரூனிங் அதே வகைப் பேரிங் ஒன்றைத் தருவித்து மீண்டும் சோதனை வைத்தார். பட்டைகளைத் தானே ஒட்ட ஹைன்க்கே அனுமதி கேட்டாள். முடியாது என்றார் அவர், கடுமையாக இல்லை. ரோஸ்டோக்கிலிருந்து ஓர் இளம்பெண்ணை வரவழைத்தார்கள். அவள் அந்தத் துளையைச் சுற்றி மூன்று பட்டைகள் ஒட்டினாள். ஹைன்க்கே அளவறையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தாள். இந்த முறை மேல்மாடியில் துளையையும் போல்ட்டுகளையும் சேர்த்துப் புதுக் கணக்கு போட்டிருந்தார்கள், ஏழு வாரம் ஆனது. திரையில் மூன்று புள்ளிகளும் புதுக் கோட்டின்மேல் படிந்தன. நூற்றுக்கு மூன்று பங்குகூட வித்தியாசம் இல்லை. பழைய கோடு கீழே, எட்டாத தூரத்தில் கிடந்தது. அந்த மாதிரி ஒரு பொருத்தத்தை எங்கள் கூடம் அதுவரை பார்த்ததில்லை. வேறொரு நாளாக இருந்தால் கைதட்டியிருப்போம். அன்று திரையை அணைத்துவிட்டு எல்லாரும் கலைந்து போனோம்.

மிச்சமிருந்த நூற்றுப் பதினேழு காற்றாலைகளையும் நிறுத்தி வளையங்களை மாற்றினார்கள். கழற்றியவற்றில் ஏழில், அதே இடத்தில், விரிசல் தொடங்கியிருந்தது. ஏழு பேரையாவது காப்பாற்றியிருக்கிறோம் என்று நான் ஹைன்க்கேவிடம் சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். "கணக்குத் தெரியாதவனே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மே மாதம் என்னைக் காரை எடுக்கச் சொன்னாள். கேஷே ஈட்டெஸின் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். நான் வாசலிலேயே நின்றுகொள்வதாகச் சொன்னேன், என்னையும் உள்ளே வரச்சொன்னாள் கேஷே. சமையலறையில் உட்கார்ந்தோம். குழந்தை அப்போது மழலையர் பள்ளியில் இருந்தாள். அந்தப் பக்கத்து வீடுகளில் யார் வந்தாலும் முதலில் தேநீர்க் கெண்டியைத்தான் எடுப்பார்கள், அஞ்சல்காரனுக்குக்கூட. கேஷே யார் நீங்கள் என்று கேட்டாள், ஹைன்க்கே சொன்னாள், கெண்டி அடுப்பிலேயே இருந்தது.

ஹைன்க்கே எதையும் மறைக்கவில்லை. பட்டை நன்றாக ஒட்டியிருந்தது, அது தனக்குத் தெரியும், தெரிந்தே மாற்றி எழுதியதாகச் சொன்னாள். எக்கெர்ட்டின் பெயரை எடுக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒருவருக்காக என்று மட்டும் சொன்னாள்.

கேஷே மேசைவிரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே பேசினாள்.

"யார் மேலயும் தப்பில்லன்னு எனக்குக் கடிதம் வந்துச்சு. காத்துன்னு நெனச்சுக்கிட்டேன். ஆறு மாசமா அப்படித்தான் தூங்குறேன். பொண்ணுகிட்டயும் அதான் சொல்லி வெச்சிருக்கேன், அப்பாவைக் காத்து கொண்டுபோயிடுச்சுன்னு."

ஹைன்க்கே தலை குனிந்திருந்தாள்.

"காத்து மேல கோபப்பட முடியாதுல்ல. அது ஒரு நிம்மதி. இப்ப நீங்க வந்து உக்காந்திருக்கீங்க. இனிமே உங்க முகம்தான் வரும்."

"மன்னிப்புக் கேக்க வரல" என்றாள் ஹைன்க்கே. "உங்ககிட்ட உண்மை இருக்கணும்னு..."

"உங்களுக்குப் பாரமா இருந்துச்சு. இங்க கொண்டாந்து எறக்கி வெச்சிட்டீங்க." கேஷே கத்தவில்லை. களைத்த குரலில்தான் சொன்னாள். "பொண்ணு வர்ற நேரமாச்சு. கெளம்புங்க."

காரில் ஏறியதும் ஹைன்க்கே அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அவ சொன்னது சரி" என்றாள், கொஞ்ச தூரம் போனபின். "அதை நான் யோசிக்கவே இல்ல, ரெம்மர். சொல்லிட்டா சரியாயிடும்னு நெனச்சேன்."

திங்கட்கிழமை அவள் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை நானும் போய்ச் சவரக் கத்தியைப் பற்றிச் சொன்னேன். அதை ஐந்து வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். எக்கெர்ட்டைக் காசெலிலிருந்து வரவழைத்தார்கள். அவனிடம் கேள்வி கேட்டு முடிப்பதற்குள்ளாகவே, ஆமாம், நான்தான் அவளைக் கேட்டேன், அவள் ஒட்டியிருக்கிறது என்றுதான் சொன்னாள் என்று அவனே சொன்னானாம். இருவருக்கும் சிறை இல்லாத தண்டனை கிடைத்தது. தீர்ப்பு நாளில் நடைகூடத்தில் இருவரும் எதிரெதிர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் முடி முழுக்க நரைத்திருந்தது. உள்ளே அழைத்தபோது அவன் ஒதுங்கி, அவளை முன்னால் போகவிட்டான். அதற்குப் பிறகு அவர்கள் சந்தித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் கூடத்தில் அவளை வெளியே போகச் சொல்லவில்லை. அவளே போய்விட்டாள். ஆற்றின் குறுக்கே அக்கரைக்குப் போய்வரும் வாகனப் படகில் மின்வேலைக்குச் சேர்ந்தாள். விளக்குகள், அவசரமணி, இயந்திர அறையின் மின்பலகைகள். பழைய கப்பல்தள வேலை போலவே இருக்கிறது என்றாள். கொஞ்சம் சதை போட்டாள். பலகாரக்கடைக்காரனைக் கிண்டல் செய்கிற அளவுக்குப் பேச்சும் திரும்பியிருந்தது.

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நான் அந்தப் படகில் போனேன். மேல்தளத்தில் ஹைன்க்கே ஒரு விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கேஷேவும் அந்தக் குழந்தையும் ஏறி வந்தார்கள். ஊருக்குள் ஏதோ வாங்கப் போகிறார்கள் போல, குழந்தை புதுப் பள்ளிப்பையை மாட்டியிருந்தாள். கேஷே நிமிர்ந்து பார்த்தாள். ஹைன்க்கேவும் பார்த்தாள். கேஷே குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே, கார்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டாள். அங்கே மழைச்சாரல் அடித்தது. கால் மணி நேரப் பயணம் முழுவதும் அங்கேயே நின்றார்கள்.

அடுத்த வாரம் ஹைன்க்கே படகு வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டு வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஐம்பத்தாறு வயதில் கிடைத்த நல்ல வேலையை ஏன் இப்படி விட வேண்டும் என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"எனக்கு வேற எங்கயாவது வேலை கெடைக்கும்" என்றாள். "அவங்களுக்கு ஊருக்குள்ள வர வேற படகு இல்ல."

இப்போது அவள் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறாள். சன்னல் கிடையாது. மீன்பெட்டிகளுக்கு நடுவே, தனியாக.